தண்ணி வருதில்லை

உடுப்பைப் போட்டு, கதவைச் சாத்தி, பட்டனை அமத்தினால் மெஷின் 'உம்ம்' என்று ஒரு சத்தம் போடும். பத்துப் பதினைந்து நிமிஷம் அப்படியே நிற்கும். பிறகு நாலைந்து தரம் கத்திவிட்டு, சின்னத் திரையில் ஒரு குறியீட்டைக் காட்டிக்கொண்டு ஓய்ந்துவிடும். கூட வந்த புத்தகத்தில் தேடிப் பார்த்தோம். அந்தக் குறியீட்டுக்கு ஒரே அர்த்தம்தான் போட்டிருந்தது: தண்ணி வருதில்லை.

மெஷின் எங்களுடையது இல்லை. திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டோடு வந்தது. வீட்டுக்காரர் கனடாவில். தன் அம்மா கிணத்தடியில் குனிந்து நின்று உடுப்புத் தோய்க்கக்கூடாது என்று காசு அனுப்பி வாங்கிக் கொடுத்த, முன்பக்கத்தால் திறக்கிற மெஷின். அம்மா அதை ஒருநாளும் பாவிக்கவில்லையாம். கையால் கசக்கினால்தான் ஊத்தை போகும் என்று சொல்லி, மேலே பூப்போட்ட துணி விரித்து றேடியோ வைத்திருந்தாராம். அவரும் கனடாவுக்குப் போனபிறகு வீடு எங்களுக்கு வந்தது. "பாவியுங்கோ பிள்ளையள், பழுதாக்கிப் போடாதேங்கோ" என்று வட்ஸ்அப்பில் சொன்னார் வீட்டுக்காரர்.

நாங்கள் என்றால், ஒருத்தி புங்குடுதீவு, ஒருத்தி கிளிநொச்சி, ஒருத்தி மன்னார், ஒருத்தி அட்டன். நாலு பேரும் கலைப்பீடம். மெஷினைத் திறந்து பார்க்கிற படிப்பு எதுவும் எங்களிடம் இல்லை. எங்கட வீடுகளிலும் ஸ்குறூ டிறைவர் எப்போதும் ஆம்பிளையளின் கையில்தான் இருந்தது.

மெஷின் நின்ற அன்று கடைசியாக அதில் உடுப்புப் போட்டவள் அட்டன்காரி. அந்த வீட்டுக்கு வரும்வரைக்கும் அவள் அப்படியொரு மெஷினைத் தொட்டதில்லை என்று தானே ஒருமுறை சொல்லியிருந்தாள். உண்மையில் மற்ற மூன்று பேரில் இரண்டு பேரும் தொட்டதில்லை. ஆனால் அவர்கள் அதைச் சொல்லவில்லை.

"என்னத்தை அமத்தினனீ?" என்று கேட்டோம். "நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் அமுக்குனேன்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த நாள் பக்கத்து வீட்டு அன்ரி வந்தா. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவவிடம்தான். மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தத் தோட்டத்துப் பிள்ளைதானே கடைசியாப் போட்டது? பழக்கமில்லாத ஆக்கள் கை வைச்சா உப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனா. அட்டன்காரி அறைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேர் விறாந்தையில் நின்றோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் விடிய ஐந்தரைக்கு எழும்பி, கிணத்தடிக் கல்லில் தன் உடுப்பைத் தோய்க்கத் தொடங்கினாள். தோய்க்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். பதினொரு நாள் கேட்டது.

அந்தப் பதினொரு நாளும் நாங்கள் செய்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் மெக்கானிக்குக்குப் போன் எடுத்தோம். வந்து பார்க்கவே இரண்டாயிரம், சாமான் மாற்றினால் வேறு என்றார். மகாபொலக் காசு வரவேண்டியிருந்த மாதம். பிறகு யூரியூப். மெஷினுக்குத் தண்ணி வரும் பைப் திறந்திருக்கா என்று பார்க்கச் சொன்னார்கள், திறந்துதான் இருந்தது. பின்னுக்கு ஹோஸ் மடிந்திருக்கா என்று பார்க்கச் சொன்னார்கள். சுவரோடு ஒட்டி நின்ற மெஷினை மூன்று பேரும் பிடித்து இழுத்தோம். கொஞ்சம் மடிந்துதான் இருந்தது. நிமிர்த்திவிட்டோம். 'உம்ம்' சத்தம், பதினைந்து நிமிஷம், அதே குறியீடு.

கடைசியில் ஒரு குறுக்குவழி பிடித்தோம். சவர்க்காரத் தூள் போடுகிற தட்டு இருக்கிறதே, அதை இழுத்து அதற்குள்ளால் மெல்ல மெல்ல வாளியால் தண்ணி ஊற்றினோம். உள்ளே தண்ணி போதுமான அளவு ஏறினால் மெஷின் தானே அதை உணர்ந்து சுற்றத் தொடங்கும். தொடங்கியது! கை தட்டினோம். ஆனால் அலசுகிற ஒவ்வொரு முறையும் அது நின்று கத்தும், நாங்கள் வாளியோடு ஓடவேண்டும். தானாகத் தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் மூன்று பேர் முறைவைத்து வாளியோடு நின்றோம். அந்த நேரம் கிணத்தடியில் ஒருத்தி தனியே தன் வேலையை முடித்துக் கொடியில் காயப்போட்டுவிட்டிருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் கரண்ட் போனது. மோட்டர் போட முடியாமல் மேலே தாங்கி வெறுமையானது. பின்னேரம் கரண்ட் வந்து தாங்கி நிரம்பியும் குளியலறைப் பைப்பில் தண்ணி விட்டுவிட்டுத் துப்பிக்கொண்டு வந்தது, அதுவும் கலங்கலாய். "இதுவும் பழுதோ" என்று நாங்கள் புலம்ப, அட்டன்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பைப்புக்குள்ள காத்து நிக்கிது. கீழ இருக்குற பைப்பெல்லாம் தொறந்து விடுங்க, தானா வெளிய போயிடும். அந்த மெஷினுக்கும் இதே தண்ணிதான போகுது? வாயில என்னா அடைச்சிருக்குன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

அவள் இருக்கிற லயத்துக்குத் தண்ணி வருவது பீலியால். மேலே மலையில் ஊற்று இருக்கும் இடத்தில் ஒரு தொட்டி. அங்கிருந்து பைப் இறங்கி வரும். மோட்டர் இல்லை, உயரம்தான் மோட்டர். கீழ் லயத்துப் பீலியில் தண்ணி அடித்துக்கொண்டு பாயும், மேல் லயத்தில் நூல்போல ஒழுகும். அவளுடையது மேல் லயம். மழை பெய்தால் இலையும் சேறும் வந்து தொட்டி வாயில் கட்டியிருக்கிற வலையை அடைத்துவிடும். "தண்ணி வரலன்னா பீலியப் போட்டு ஒடைக்க மாட்டோம். மேல ஏறிப் போயி வலையப் பாப்போம். சின்னதுல அப்பாவோட நானும் போவேன்" என்றாள்.

மெஷினுக்கும் ஒரு வலை இருக்கிறது. அன்று இரவே பார்த்தோம். செய்தது இவ்வளவுதான்.

முதலில் பிளக்கைக் கழற்றினோம். பிறகு மெஷினுக்கு வரும் பைப்பை மூடினோம். கீழே ஒரு வாளி வைத்து, மெஷினின் முதுகில் ஹோஸ் பூட்டியிருக்கும் பிளாஸ்ரிக் மூடியைக் கையாலேயே இடப்பக்கம் திருகிக் கழற்றினோம். உள்ளே எட்டிப் பார்த்தால் விரல் நுனியளவு சின்ன வடி, நடுவில் பிடிப்பதற்கு ஒரு காம்பு. குறட்டால் மெல்லப் பிடித்து நேரே இழுக்க வந்துவிட்டது. வடியின் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. வெள்ளையாய்ச் சுண்ணாம்புத் தூள், அதோடு தாங்கியிலிருந்து வந்த பச்சைப் பாசி, மணல், துருத் துகள். கிளிநொச்சிக்காரி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

பழைய பல்லுத் தீட்டுகிற பிரஷ்ஷால் உரஞ்ச மணலும் பாசியும் போனது. சுண்ணாம்பு போகவில்லை. ஒரு கோப்பை வினாகிரியில் ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டோம். மெல்லிய குமிழி வந்து வெள்ளை கரைந்தது. தேசிக்காய்ப் புளியும் அதே வேலையைச் செய்யும், கொஞ்சம் நேரம் எடுக்கும். திரும்பப் பூட்ட முதல் ஹோஸின் நுனியை வாளிக்குள் விட்டு, பைப்பைத் திறந்து கலங்கல் தண்ணியை ஓடவிட்டோம். இல்லாவிட்டால் கழுவின வடி அடுத்த நாளே அடைத்துவிடும். ஹோஸின் மற்ற நுனியிலும், பைப்போடு பூட்டுகிற இடத்தில், இன்னொரு சின்ன வலை இருந்தது. அதையும் கழுவினோம். றப்பர் வளையம் சரியாய் இருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கி, ஒழுகுதா என்று ரிசு பேப்பர் சுற்றிப் பார்த்தோம்.

பட்டனை அமத்த, 'உம்ம்' வந்தது. அதோடு சேர்ந்து 'சர்ர்' என்று தண்ணிச் சத்தமும் வந்தது.

அந்த 'உம்ம்' என்ன என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டோம். தண்ணியை உள்ளே விடுகிற வால்வை மின்காந்தம் திறக்கும்போது வருகிற சத்தம். 'உம்ம்' கேட்டுத் தண்ணி வராவிட்டால், அநேகமாக மெஷின் தன் வேலையைச் செய்கிறது, தண்ணிதான் வந்து சேரவில்லை. அந்தச் சத்தமே இல்லாவிட்டால் கதவு சரியாய்ப் பூட்டியிருக்கா என்று பார்க்கலாம். அதற்கு மேல் கரண்ட் சம்பந்தப்பட்டது, மெக்கானிக்கிடம் விடவேண்டும். எங்கட மெஷின் பதினொரு நாளும் 'உம்ம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் ஆளைப் பிடிப்பதில் நின்றோம்.

சந்தோஷம் பத்து நிமிஷம்தான். தண்ணி உள்ளே போகிறது, ஆனால் ஏறவில்லை. போகிற தண்ணி எல்லாம் பின்னுக்கால் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மெஷினை இழுத்தபோது கழிவுத் தண்ணிக் குழாய் கொக்கியிலிருந்து கழன்று நிலத்தில் விழுந்திருக்கிறது. அதன் வாய் மெஷினுக்குள் இருக்கும் தண்ணி மட்டத்துக்குக் கீழே கிடந்தால் தண்ணி தானாகவே இழுபட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நிலத்திலிருந்து இரண்டடிக்கு மேல், மூன்றடி வரைக்கும் உயர்த்திக் கட்டவேண்டும். கட்டினோம். நின்றது. அதாவது அந்தப் பழுது நாங்கள் உண்டாக்கியது. அதற்கு ஒருத்தரும் எங்களைப் பார்த்து "பழக்கமில்லாத ஆக்கள்" என்று சொல்லவில்லை.

பிறகும் மெஷின் மெதுவாகத்தான் நிரம்பியது. ஏன் என்று மன்னார்காரிக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் தண்ணி அமுக்கம் 0.05 முதல் 0.8 மெகாபாஸ்கல் என்று இருந்தது. பத்து மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிற தண்ணி ஏறத்தாழ 0.1 மெகாபாஸ்கல் அமுக்கம் தரும். அப்படியென்றால் இந்த மெஷினுக்குக் குறைந்தது ஐந்து மீற்றர் உயரம் வேண்டும். கயிறு கட்டி அளந்தோம். தாங்கியின் அடியிலிருந்து மெஷின் வாய் வரைக்கும் ஒன்பது அடி. மூன்று மீற்றர்கூட இல்லை. தாங்கி நிரம்பியிருந்தால் இன்னும் மூன்றடி கூடும். அப்போதும் காணாது. ஒற்றைமாடி வீட்டில் சின்னத் தூண் கட்டித் தாங்கி வைத்திருக்கிற எங்கட ஊர் வீடுகள் பலவற்றில் கணக்கு இப்படித்தான் இருக்கும். நாங்களும் மேல் லயத்தில்தான் இருந்திருக்கிறோம்.

பத்து லீற்றர் வாளியை ஹோஸில் பிடித்து நேரம் பார்த்தோம். தாங்கி நிரம்பியிருக்கையில் இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். குறைந்திருக்கையில் நாலு நிமிஷம். மெஷின் குறிப்பிட்ட நேரம்தான் பொறுக்கும், அதற்குள் நிரம்பாவிட்டால் குறியீடு. ஆகவே மோட்டர் போட்டுத் தாங்கியை நிரப்பின பிறகுதான் உடுப்புப் போடுவது என்று முடிவெடுத்தோம். அமுக்கம் கூட்டுகிற சின்ன மோட்டர் கடையில் இருக்கிறது. இல்லாவிட்டால் தாங்கியிலிருந்து மெஷினுக்குத் தனியாக முக்கால் இஞ்சி பைப் இழுக்கலாம். முழங்கை வளைவுகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டும் வீட்டுக்காரரின் காசு. "யோசிப்பம்" என்று செய்தி வந்திருக்கிறது.

சுண்ணாம்பு மட்டும் எங்கட கையில் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிற்கிறதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதும், சவர்க்காரம் லேசில் நுரைக்காததும், எங்கட வடி அடைத்ததும் ஒரே காரணத்தால்தான். அதைக் கூட அள்ளினால் கடல் உள்ளே வரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உவர். சுன்னாகப் பக்கம் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாய் இருந்தபோது கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அன்று இரவு வினாகிரிக் கோப்பையைச் சுற்றி இருந்து இதைத்தான் கதைத்தோம். புங்குடுதீவுக்காரி, பவுசர் வரும் நாளுக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னாள். கிளிநொச்சிக்காரியின் அப்பா இரணைமடுத் தண்ணியில் வயல் செய்கிறவர். அந்தத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தை அங்கத்தை விவசாயிகள் எதிர்த்தபோது அவரும் கூட்டத்துக்குப் போனவராம். "எங்கட நெல்லைக் காயவிட்டுட்டு இஞ்சை உடுப்புத் தோய்க்கிறதோ எண்டு கேட்டவர். இப்ப நான் இஞ்சை உடுப்புத் தோய்க்கிறன்" என்று சிரித்தாள். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். எங்கட ஒழுங்கைக்கு இன்னும் கிணறுதான்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். கிளிநொச்சிக்காரியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் அவர்களின் பிள்ளைகள். அவர்களை ஊரில் எந்தச் சொல்லால் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஊர் உடுப்பைத் தோய்க்கிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, அந்தச் சாதிப் பெயரையே வசையாக்கி வைத்திருந்ததும் தெரியும். இதையெல்லாம் விரிவுரை மண்டபத்தில் குறிப்பெடுக்கிறோம், சோதினையில் எழுதிப் புள்ளியும் எடுக்கிறோம். விறாந்தையில் அன்ரி சொன்ன ஒரு வசனத்துக்கு மட்டும் எங்களிடம் பதில் இருக்கவில்லை.

"மெஷின் பழுதானது உன்னாலை எண்டு நினைச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளடி" என்று கேட்டோம்.

அவள் வடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெஷினுக்கு நீங்க கேட்டது பரவாயில்ல. யாரு வேணும்னாலும் கேட்டிருப்பாங்க. அந்த அன்ரி சொன்னப்ப நீங்க மூணு பேரும் அங்கதான நின்னீங்க" என்றாள்.

அதற்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலமை மூன்று பேரும் அன்ரி வீட்டுக்குப் போனோம். வாசலில் நிற்கும்வரைக்கும் யார் கதைப்பது என்று ஆளை ஆள் தள்ளிக்கொண்டுதான் போனோம். கடைசியில் புங்குடுதீவுக்காரி, "அன்ரி, மெஷின் அவளாலை பழுதாகேல்லை. தாங்கியிலை இருந்த ஊத்தைதான் அடைச்சது. திருத்தினதும் அவள்தான். நீங்கள் அண்டைக்குச் சொன்னது பிழை, நாங்கள் பேசாமல் நிண்டதும் பிழை" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாங்கி கழுவிக் கனகாலம்தான்" என்றா. மன்னிப்பு மாதிரி அது இல்லை. ஆனால் அந்த ஞாயிறு தாங்கி கழுவ ஆள் அனுப்பினா. இரண்டு வாளி சேறு வந்தது.

அன்ரிக்கு மெஷின் தண்ணி குடிக்கிறது என்றும் ஒரு குறை இருந்தது. எண்ணிப் பார்த்தோம். நாலு பேரின் ஒரு நாள் உடுப்புக்குக் கிணத்தடியில் பத்து லீற்றர் வாளியால் பதினாலு வாளி போனது. இந்த மாதிரி மெஷின் ஒரு தோய்ப்புக்கு ஏறத்தாழ ஐம்பது லீற்றர் எடுக்கும். கழிவுத் தண்ணி இப்போது வாழையடிக்குப் போகிறது.

மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எழுத்து அட்டன்காரியுடையது.

1. முதலில் மோட்டர். தாங்கி நிரம்பின பிறகு துணி.
2. தாங்கி காலியானா மெஷின் பைப்பை உடனே மூடவும். தண்ணி வந்ததும் வேற பைப்பில் கலங்கலை விட்ட பிறகுதான் திறக்கவும்.
3. மாதம் ஒருக்கா வடி. பிளக்கைக் கழற்றாமல் யாரும் கை வைக்கக்கூடாது.
4. மெஷினைச் சுவரோடு தள்ளக்கூடாது. ஹோஸ் மடியும்.
5. கழிவுக் குழாய் கீழே விழுந்திருக்கா பார்க்கவும்.
6. நிறுத்தின மெஷினுக்குள் தண்ணி சொட்டினால் வால்வில் மண் இருக்கலாம். பைப்பை மூடிவிட்டுச் சொல்லவும்.
7. யார் கடைசியாப் போட்டது என்று கேட்பதற்கு முன் 1 முதல் 6 வரை பார்க்கவும்.

இதை எழுதி முடித்து அவளிடம்தான் முதலில் வாசிக்கக் கொடுத்தோம். அவளை நல்லவளாக்கி எழுதியிருந்த இரண்டு வசனத்தை வெட்டினாள். "நானும் கோவத்துல பதினொரு நாள் வேணும்னேதான் சொல்லாம இருந்தேன். அதையும் போடுங்க" என்றாள். போட்டிருக்கிறோம். மேலே 'நாங்கள்' என்று எழுதியிருக்கிற இடங்களில் எதிலெல்லாம் அவள் இருந்தாள், எதில் இல்லை என்று நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். நாங்களும் எண்ணினோம்.

இந்த மாத வடி கழுவுகிற முறை மன்னார்காரியுடையது. வினாகிரி முடிந்துவிட்டது. தேசிக்காய் வாங்கவேணும்.